திரையில் ஆயிரம் காலடி, அதில் அவருடையது எத்தனை?

பக்கவாத நோயாளி ரோபோ நடைப்பயிற்சி முடிந்து வெளியே வந்ததும் வீட்டார் முதலில் சொல்வது திரையில் பார்த்த கணக்கைத்தான். "இன்னைக்கு 1,200 ஸ்டெப் நடந்தாரு." கணக்கு பொய்யில்லை. ஆனால் அந்த 1,200-ல் எத்தனையை அவர் எடுத்து வைத்தார், எத்தனையை மோட்டார் எடுத்து வைத்தது என்று அந்தக் கணக்கு சொல்லாது. அதைச் சொல்லும் எண் திரையில் வேறொரு மூலையில் இருக்கிறது. அதன் பெயர் கைடன்ஸ் ஃபோர்ஸ், காலை இயந்திரம் எவ்வளவு பிடித்து நடத்துகிறது என்பதன் அளவு. அது 100 சதவீதத்தில் நின்றால், நோயாளி கண்ணை மூடித் தூங்கினாலும் கால்கள் அதே நேர்த்தியோடு நடந்துகொண்டிருக்கும்.

முதலில், இந்த இயந்திரம் எதற்கு வந்தது என்பதைப் பார்த்துவிடலாம். பக்கவாதத்தில் விழுந்த காலுக்கு நடை திரும்ப வேண்டுமென்றால் அந்தக் கால் நடந்தே ஆக வேண்டும். கட்டிலில் படுத்துக்கொண்டு முழங்காலை மடக்கி நீட்டுவது தேவைதான், போதாது. சிக்கல் எண்ணிக்கையில் இருக்கிறது. அமெரிக்காவிலும் கனடாவிலும் மறுவாழ்வு மையங்களில் எண்ணிப் பார்த்து 2009-ல் வெளியிட்ட ஆய்வில், வழக்கமான ஒரு பயிற்சி நேரத்தில் நோயாளி நடந்தது சராசரியாக 357 காலடி. அதே ஆளை டிரெட்மில்லில் ஏற்றி மணிக்கு 1.8 கிலோமீட்டரில் ஓட்டினால் நிமிடத்துக்கு 30 மீட்டர், 20 நிமிடத்தில் 600 மீட்டர். காலடிக்கு 45 செ.மீ. என்று வைத்தாலே 1,300 தாண்டுகிறது.

1990-களில் இதைக் கையாலேயே செய்து பார்த்தார்கள். நோயாளியை மேலே கயிற்றில் தொங்கவிட்டு, ஒரு தெரபிஸ்ட் டிரெட்மில் ஓரத்தில் குந்தி, விழுந்த காலை ஒவ்வொரு முறையும் தூக்கி முன்னால் வைப்பார். இன்னொருவர் பின்னால் நின்று இடுப்பைப் பிடித்திருப்பார். பதினைந்து நிமிடத்தில் குந்தியவரின் முதுகு போய்விடும். ஆக, ரோபோ பிறந்ததில் பாதிக் காரணம் தெரபிஸ்டின் முதுகு. இதை யாரும் விளம்பரத்தில் போடுவதில்லை.

இரண்டு வழிகளில் அந்த வேலையை இயந்திரத்துக்கு மாற்றினார்கள். பெர்லினில் ஸ்டெஃபான் ஹெஸ்ஸெயின் குழு, பாதத்தை மட்டும் இரண்டு பலகைகளில் கட்டி, பல்சக்கர அமைப்பால் அந்தப் பலகைகளை நடையின் பாதையில் சுற்ற வைத்தது. கால் தரையில் ஊன்றியிருக்கும் நேரம் 60, காற்றில் வீசும் நேரம் 40 என்ற இயல்பான விகிதம் அந்தச் சக்கரங்களிலேயே அமைந்திருக்கும். இதில் முழங்கால் கட்டப்படாமல் சும்மா விடப்படுகிறது. அது பின்பக்கமாக வளையாமல் தெரபிஸ்ட்தான் பார்த்துக்கொள்ள வேண்டும். சூரிக்கில் பால்கிரிஸ்ட் பல்கலைக்கழக மருத்துவமனையில் கெரி கொலம்போவும் கூட்டாளிகளும் வேறு வழி பிடித்தார்கள். இடுப்பு, முழங்கால் இரண்டிலும் மோட்டார் வைத்த வெளிக்கூடு ஒன்றைக் காலோடு கட்டி டிரெட்மில் மேல் நடக்கவிட்டார்கள். அதுதான் ஹோகோமா நிறுவனத்தின் லோகோமாட். 2001-லிருந்து விற்பனையில் இருக்கிறது. நம் பக்கத்தில், ஆள் இறங்காமல் சாக்கடைக் குழியைச் சுத்தம் செய்யும் பாண்டிகூட் ரோபோவைச் செய்த கேரளத்து ஜென்ரோபாட்டிக்ஸ் நிறுவனம் ஜி-கெய்ட்டர் என்ற நடைப்பயிற்சி ரோபோவையும் செய்கிறது. இனி எழுதுவது லோகோமாட் மாதிரியான வெளிக்கூட்டு வகையைப் பற்றி. கட்டும் முறையும் தவறும் இடங்களும் அதில்தான் அதிகம்.

யாரை ஏற்றக் கூடாது என்பது முதல் கேள்வி. லோகோமாட்டில் உடல் எடைக்கு மேல்வரம்பு 135 கிலோ. பெரியவர்களுக்கான கூட்டில் தொடை நீளம் 35 முதல் 47 செ.மீ.க்குள் இருக்க வேண்டும். ஆறாத எலும்பு முறிவு, மோசமான எலும்புத் தேய்வு, இடுப்பிலோ முழங்காலிலோ நீட்ட முடியாமல் இறுகிவிட்ட மூட்டு, கட்டுகள் படும் இடத்தில் புண், அடங்காத வலிப்பு, நிலைப்படாத இதயம், இவற்றில் எது இருந்தாலும் காத்திருக்க வேண்டும். கெண்டைக்காலில் புதிதாக வீக்கமும் வலியும் சூடும் தெரிந்தால் அன்று பயிற்சி கிடையாது. ரத்தக்கட்டு இல்லை என்று மருத்துவர் பார்த்துச் சொன்ன பிறகுதான். "மசாஜ் பண்ணா சரியாயிடும்" என்பவர்களை அந்தக் காலின் பக்கமே விடாதீர்கள்.

அவசரமும் கூடாது. 2015-ல் வெளியான அவெர்ட் ஆய்வில் 2,104 நோயாளிகள். பக்கவாதம் வந்த 24 மணி நேரத்துக்குள் எழுப்பி, அடிக்கடியும் அதிக நேரமும் நடமாட வைத்த பிரிவில், மூன்று மாதம் கழித்து நல்ல நிலையில் இருந்தவர்கள் குறைவாகவே இருந்தார்கள். முதல் நாளே ரோபோ வேண்டும் என்று நிற்பதில் அர்த்தமில்லை. பல நாள் படுக்கையில் கிடந்தவரை ஒரேயடியாக ஹார்னஸில் (உடம்பைத் தாங்கித் தொங்கவிடும் பட்டைக் கவசம்) நிமிர்த்தினால் ரத்த அழுத்தம் சரிந்து மயங்குவார். கொட்டாவி, நெற்றி வியர்வை, "கண்ணு இருட்டுது" என்பதெல்லாம் அதன் முன்னறிவிப்பு. அப்படிப்பட்டவரை முதல் சில நாள் சாய்வு மேசையில் 30, 45, 60 பாகை என்று நிமிர்த்திப் பழக்கிவிட்டு அப்புறம் ஏற்றுவார்கள்.

இனி தயாரிப்பு. வீட்டாரிடம் முன்கூட்டியே சொல்ல வேண்டியவை: வேட்டி, நைட்டி, புடவை வேண்டாம். கால்சட்டை முழு நீளமாக, தடித்த தையல் இல்லாத பருத்தியில் இருக்கட்டும். அரைக்கால் சட்டை போட்டால் கஃப், அதாவது கூட்டைக் காலோடு கட்டும் பட்டை, நேராகத் தோலில் உரசும். செருப்பு கூடாது, குதிகாலைப் பிடிக்கும் ஷூ வேண்டும். வீங்கிய பாதத்துக்கு ஓர் அளவு பெரியதாக வாங்குங்கள். வயிறு நிறையச் சாப்பிட்டு இரண்டு மணி நேரமாவது ஆகியிருக்க வேண்டும், ஹார்னஸ் வயிற்றைத்தான் இறுக்கும். சிறுநீர்ப் பை காலியாக இருக்க வேண்டும். சிறுநீர்க் குழாய் போட்டிருந்தால் அது தொடையிடுக்குப் பட்டைக்கு அடியில் போகவே கூடாது. மடிந்து அடைத்துக்கொண்டால் வயிறு உப்பும். தசை இறுக்கம் அதிகமாகி, இயந்திரம் அடிக்கடி நின்றுபோகும். காரணம் தெரியாமல் ஆளாளுக்கு மோட்டாரைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள்.

அளவெடுப்பதில் இரண்டு எண்கள் முக்கியம். தொடையின் பக்கவாட்டில் கைக்குத் தட்டுப்படும் எலும்பு மேட்டிலிருந்து முழங்கால் மூட்டுக் கோடு வரை ஒன்று. இடுப்பின் அகலம் இன்னொன்று. கூட்டின் இடுப்பு அச்சு அந்த எலும்பு மேட்டுக்கு நேராகவும், முழங்கால் அச்சு மூட்டுக் கோட்டுக்கு நேராகவும் வர வேண்டும். இரண்டு செ.மீ. தவறினாலும் மோட்டார் ஒரு வட்டத்திலும் மூட்டு இன்னொரு வட்டத்திலும் சுழலும். அந்த வித்தியாசத்தை யார் தாங்குவது? கஃபுக்கு அடியில் இருக்கும் தோல்தான். பயிற்சிக்குப் பிறகு முழங்காலுக்குக் கீழே சிவந்து தோல் உரிந்திருந்தால், "பெல்ட்டு டைட்டு" என்று தளர்த்துவதற்கு முன்னால் அச்சைச் சரிபாருங்கள். தளர்ந்த கஃப் இன்னும் அதிகமாக உரசும்.

ஒவ்வொரு காலிலும் தொடையில் ஒரு கஃப், முழங்காலுக்குக் கீழே இரண்டு. கீழே உள்ள இரண்டில் மேலே இருப்பது வம்பானது. முழங்காலுக்கு வெளிப்பக்கம், சற்றுக் கீழே ஒரு சிறு எலும்பு முண்டு தட்டுப்படும். அதன் கழுத்தைச் சுற்றித்தான் பாதத்தைத் தூக்கும் நரம்பு தோலுக்கு வெகு அருகில் ஓடுகிறது. கஃபின் விளிம்பு அங்கே அழுத்தினால், ஏற்கெனவே தொங்கும் பாதம் இன்னும் தொங்கும். எனவே முண்டுக்குக் கீழே இறக்கிக் கட்ட வேண்டும். ஒரு விரல் நுழையும் அளவு தளர்ச்சி போதும். உணர்ச்சி குறைந்த காலுக்கு வலி தெரியாது. நோயாளி எதுவும் சொல்லவில்லை என்பதால் எல்லாம் சரியாக இருக்கிறது என்று எடுத்துக்கொள்ள முடியாது. முதல் ஐந்து நிமிடத்துக்குப் பிறகு நிறுத்தி, கஃபைத் திறந்து பார்ப்பதுதான் வழி. சர்க்கரை நோயும் சேர்ந்திருந்தால் இதை ஒருபோதும் தவிர்க்கக் கூடாது.

ஹார்னஸைப் படுக்க வைத்தோ உட்கார வைத்தோ போட்டு, சக்கர நாற்காலியிலேயே சரிவுப் பலகை வழியாக டிரெட்மில் மேல் கொண்டுபோய், மேலே கொக்கியில் மாட்டித் தூக்குவார்கள். பட்டை இடுப்பெலும்பின் மேல் உட்கார வேண்டும். தளர்வாக இருந்தால் தூக்கும்போது மேலேறி விலாவை அழுத்தும், மூச்சு முட்டும். விழுந்த பக்கத்துத் தோளைக் கவனிக்காமல் விடுவது எல்லா இடத்திலும் நடக்கிற தவறு. அந்தக் கையைப் பிடித்து இழுத்து ஹார்னஸுக்குள் நுழைக்கக் கூடாது, பட்டை அக்குளைத் தூக்கவும் கூடாது. ஸ்லிங்கில் (கையைத் தாங்கும் தூளிப் பட்டை) தாங்கி முன்னால் வைத்துவிட்டுத்தான் தூக்க வேண்டும். தோள் வலி வந்துவிட்டால் மற்றப் பயிற்சிகளும் முடங்கும்.

லோகோமாட்டில் கணுக்காலுக்கு மோட்டார் இல்லை. பாதத்தின் முன்பகுதியைச் சுருள்வில் பட்டை ஒன்று தூக்கிப் பிடிக்கும், அவ்வளவுதான். அது தளர்ந்தால் பெருவிரல் டிரெட்மில் பெல்ட்டில் தட்டும், தட்டியதும் கால் முழுக்க விறைக்கும், விசை அளவு மீறியதை உணர்ந்து இயந்திரம் நிற்கும். அதிகமாக இழுத்துக் கட்டினால் குதிகால் குத்தி இறங்கி முழங்கால் மடியும். அதனால் முதலில் காலைக் காற்றிலேயே நடக்கவிட்டுப் பார்த்து, பிறகு மெல்ல பெல்ட்டின் மேல் இறக்குவார்கள். பெல்ட்டின் வேகமும் கூட்டின் வேகமும் பொருந்துகிறதா என்பது காதிலேயே தெரியும். ஷூ கரகரவென்று தேய்க்கிற சத்தம் வந்தால் பொருந்தவில்லை. அவசர நிறுத்தப் பொத்தான் ஒன்று தெரபிஸ்டின் கையெட்டும் தூரத்தில், இன்னொன்று நோயாளியின் நல்ல கைக்குப் பக்கத்தில்.

முதல் நாள் இவ்வளவுக்கும் 20 நிமிடம் போகும். கைப்பழக்கம் வந்த பிறகு 7 முதல் 10 நிமிடம். "ஒரு மணி நேர ரோபோ பயிற்சி" என்று ரசீதில் இருந்தால், உண்மையில் நடந்தது 25 முதல் 35 நிமிடம் என்று எடுத்துக்கொள்ளலாம். அது ஏமாற்று இல்லை, கட்டி அவிழ்க்கிற வேலை அப்படி.

ஓடத் தொடங்கியதும் திருப்ப மூன்று திருகுகள்: எடைத் தாங்கல், வேகம், கைடன்ஸ். 60 கிலோ ஆளுக்கு 40 சதவீதத் தாங்கல் என்றால் 24 கிலோவை மேலிருக்கும் கயிறு சுமக்கிறது, மீதி 36 கிலோ காலில். ஊன்றிய கால் மடியாத அளவுக்கு எவ்வளவு குறைவாகத் தாங்க முடியுமோ அதுதான் சரியான அளவு. பாதிக்கு மேல் தூக்கிவிட்டால் குதிகால் அழுந்தாது, தொடைத் தசைக்கு வேலை இருக்காது, நடப்பது போலத் தெரியும் நீச்சல் அது. வேகம் 1.5 கி.மீ. பக்கம் ஆரம்பித்து 0.1, 0.2 என்று ஏற்றுவது வழக்கம். பாவம் என்று மிக மெதுவாக ஓட்டினால் தாளம் உடைந்து, ஒவ்வொரு காலடியும் தனித்தனி வேலையாகிவிடும்.

இப்போது அந்த மூன்றாவது எண். முதல் ஒன்றிரண்டு நாள் கைடன்ஸ் 100 சதவீதத்தில் இருப்பதில் தவறில்லை. காலுக்கு வடிவம் பழக வேண்டும், பயம் போக வேண்டும். அதற்கு மேலும் அங்கேயே நின்றால் நோயாளியின் மூளை கணக்குப் போட ஆரம்பித்துவிடும். யாரோ செய்கிறார்கள், நான் எதற்கு? சோம்பேறித்தனம் என்று திட்ட வேண்டியதில்லை. உடம்பு எப்போதும் மலிவான வழியைத்தான் தேடும். எனவே மூன்றாம் நாளிலிருந்தே குறைக்கத் தொடங்க வேண்டும். இடது, வலது கால்களுக்குத் தனித்தனியாகக் குறைக்கலாம். நல்ல காலுக்குச் சட்டென்று 40, 30 வரை இறக்கிவிடலாம். விழுந்த காலுக்குப் பத்துப் பத்தாக. 70-ல் முழங்கால் மடிகிறது, பெருவிரல் தட்டுகிறது என்றால் 80-க்கு ஏற்றி ஐந்து நிமிடம் ஓட்டிவிட்டு மறுபடி 70. ஒரே நாளில் மூன்று திருகையும் திருப்பினால் எதனால் கெட்டது என்று கண்டுபிடிக்க முடியாது. ஒரு நாளைக்கு ஒன்று.

நோயாளி வேலை செய்கிறாரா என்பதற்குத் திரையில் பட்டைகள் வரும். அவர் காலை வீசும்போது தள்ளினால் பட்டை உயரும், சும்மா இருந்தால் விழும். குழந்தை விளையாட்டு போல இருக்கும் அந்தப் படத்தைப் பெரியவர்கள் சிலர் அவமானமாக நினைப்பார்கள். அவர்களுக்கு எண்ணை மட்டும் காட்டினால் போதும். திரைக்குப் பக்கத்தில் ஆளுயரக் கண்ணாடி ஒன்றும் இருக்கட்டும், குறிப்பாக ஒரு பக்கத்தையே மறந்துவிடும் நோயாளிக்கு. டிவி வேண்டாம். நல்ல கை கம்பியை இறுகப் பிடித்து உடம்பைத் தொங்கவிட்டால் கால் சுமக்க வேண்டிய எடை கையில் ஏறிவிடும். கைவிரல் நுனி வெளுத்திருக்கிறதா என்று பாருங்கள், தெரிந்துவிடும். உள்ளங்கையைக் கம்பியின் மேல் திறந்து வைக்கச் சொன்னால் பாதிச் சிக்கல் தீரும்.

இவ்வளவு செலவழித்து என்ன கிடைக்கும்? 2020-ல் வந்த காக்ரேன் தொகுப்பு (மருத்துவ ஆய்வுகளை ஒன்றுசேர்த்து அலசும் அமைப்பின் அறிக்கை) 62 ஆய்வுகளையும் 2,440 நோயாளிகளையும் சேர்த்துப் பார்த்தது. பிசியோதெரபியோடு இயந்திரமும் சேர்ந்தவர்கள், பிறர் துணையின்றி நடக்கும் நிலைக்கு வருவது கூடியது. நடையின் வேகம் கூடியது கொஞ்சம்தான், நடக்கும் தூரத்தில் சொல்லும்படியான வித்தியாசம் இல்லை. பலன் அதிகம் கண்டவர்கள் பக்கவாதம் வந்து முதல் மூன்று மாதத்துக்குள் இருந்தவர்களும் சொந்தமாக நடக்கவே முடியாதவர்களும். இதைத் திருப்பிப் படியுங்கள்: ஊன்றுகோலோடு ஏற்கெனவே நடக்கிறவருக்கு இந்த இயந்திரம் பெரிதாகத் தருவதில்லை. 2009-ல் ஓர் அமெரிக்க ஆய்வில், ஆறு மாதத்துக்குள் பக்கவாதம் வந்து மெதுவாக நடக்கத் தொடங்கியிருந்த 63 பேரைப் பிரித்து, ஒரு பிரிவுக்கு லோகோமாட், மற்றதற்குத் தெரபிஸ்ட் கைப்பட நடைப்பயிற்சி என்று 24 முறை வரை கொடுத்தார்கள். வேகத்திலும் தூரத்திலும் முந்தியது கைப்பயிற்சிப் பிரிவு. நடக்கத் தெரிந்தவரைக் கூட்டுக்குள் கட்டினால் தடுமாறவும் திருத்திக்கொள்ளவும் வாய்ப்பு போய்விடுகிறது என்பதுதான் நமது கணிப்பு. பழைய கூடுகள் இடுப்பைப் பக்கவாட்டில் அசையவே விடாது. எடையை ஒரு காலிலிருந்து மறு காலுக்கு மாற்றும் அந்தச் சின்ன அசைவு இல்லாமல் தரையில் யாரும் நடப்பதில்லை.

அதனால் கூட்டிலிருந்து அவிழ்த்ததும் வீல்சேரில் உட்கார வைத்து வீட்டுக்கு அனுப்பினால் பாதி வீண். களைப்பு அனுமதித்தால் அன்றே 10 நிமிடம் பாரலல் பாரிலோ (இருபுறமும் பிடித்து நடக்கும் இணைக் கம்பிகள்), ஆள் துணையோடு தரையிலோ நடக்க வேண்டும். இயந்திரம் கற்றுத்தராத திரும்புதல், நாற்காலியிலிருந்து எழுதல், வாசற்படி தாண்டுதல் எல்லாம் அங்கேதான். யாராவது ஒருவர் லேசாகப் பிடித்தால் போதும் என்ற நிலை வந்ததும் ரோபோ நாட்களைக் குறைத்துத் தரை நாட்களைக் கூட்டிவிடலாம். வாரம் 3 முதல் 5 நாள், 4 முதல் 8 வாரம் என்பது பொதுவான அளவு. நாலு வாரத்தில் கைடன்ஸும் எடைத் தாங்கலும் கொஞ்சமும் இறங்கவில்லை என்றால் இன்னும் நாலு வாரத்துக்குப் பணம் கட்டுவதற்கு முன் ஏன் என்று கேளுங்கள். ஒவ்வொரு நாளும் நோட்டில் நான்கு எண்கள் எழுதித் தரச் சொல்லுங்கள்: நிமிடம், வேகம், எடைத் தாங்கல், விழுந்த காலின் கைடன்ஸ். எழுதித் தராத இடம் அந்த எண்களைப் பார்ப்பதும் இல்லை.

தரையில் அளக்க இயந்திரமே வேண்டாம். 10 மீட்டருக்கு முன்னும் பின்னும் இரண்டு மீட்டர் விட்டு, செல்போனில் நேரம் பாருங்கள். 25 நொடி ஆனால் விநாடிக்கு 0.4 மீட்டர், வீட்டுக்குள் நடமாடும் அளவு. 12.5 நொடி என்றால் 0.8, தெருவுக்குப் போகலாம். விநாடிக்கு 0.16 மீட்டர் கூடினால் அது பொருட்படுத்த வேண்டிய முன்னேற்றம்.

பக்கத்தில் ரோபோ இல்லை, அல்லது கட்டுப்படியாகாது என்பவர்களுக்கு 2011-ல் வந்த லீப்ஸ் ஆய்வைச் சொல்ல வேண்டும். 408 பேர். ஒரு பக்கம் கயிற்றில் தாங்கிய டிரெட்மில் பயிற்சி, இன்னொரு பக்கம் தெரபிஸ்ட் வீட்டுக்கே வந்து மேற்பார்த்த பலப் பயிற்சியும் சமநிலைப் பயிற்சியும். ஒரு வருடம் கழித்துப் பார்த்தால் இரண்டு பக்கமும் ஒரே அளவு முன்னேற்றம். அதில் ரோபோ இல்லை, ஆட்கள் ஓரளவு நடக்கிறவர்கள் என்பதையும் சேர்த்தே சொல்கிறேன். வீட்டில் ஆரம்பிக்க ஒரு நாற்காலி போதும். முதலில் தலையணை போட்டு உயர்த்திய இருக்கை, இரண்டு பாதமும் முழங்காலுக்குச் சற்றுப் பின்னால், விழுந்த கால் நல்ல காலைவிட ஒரு கை அகலம் பின்னால். அப்படி வைத்தால் எழும்போது எடை அந்தக் காலுக்குத்தான் போகும். பத்து முறை எழ முடிந்தால் இருக்கையின் மேல் போட்ட தலையணையை எடுத்துவிடுங்கள். நாற்காலி பின்னால் நகராமல் சுவரில் முட்டியிருக்கட்டும், ஆள் நிற்க வேண்டியது விழுந்த பக்கத்தில்.